காதுக்குள் நாத்தனார்

எங்கள் விமானத்தில் ஒரு நாத்தனார் இருந்தாள்.

நிறுவனம் அவளுக்கு வைத்த பெயர் 'விழி'. காக்பிட் கூரையோரம் பொட்டு அளவில் இரண்டு கேமராக்கள், ஹெட்செட்டுக்குள் மென்மையான ஒரு பெண் குரல், இவ்வளவுதான் அவள். விமானிகள் நாங்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் காதில் வத்தி வைப்பதுதானே அவள் வேலை! என் சொந்தத் தங்கைக்கு இந்தப் பெயர் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "நான் எப்பண்ணே அண்ணிகிட்ட உன்னைப் போட்டுக் குடுத்தேன்?" என்று ஒரு தீபாவளி முழுக்கச் சண்டை போட்டாள்.

அவள் ஏன் வந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் விமானம் தானே பறக்கிறது, தானே திரும்புகிறது, பெரும்பாலான நாட்களில் தானே இறங்கவும் செய்கிறது. அது ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் விமானிகளின் வேலை. கேட்பதற்குச் சுகமான வேலை. கைதேர்ந்த சமையற்காரர் ஒருவரின் பின்னால் நின்று, அவர் குழம்புக்கு உப்புப் போடுகிறாரா என்று வருடக்கணக்கில் பார்த்துப் பாருங்கள், அப்போது தெரியும் சுகம். அவர் மறக்கவே மாட்டார். மறக்கிற அந்த ஒரு நாளில் நீங்கள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

எங்களை விழிக்க வைக்க என்னென்னவோ செய்தார்கள். அலாரம் வைத்தார்கள், அலாரம் அடிக்கும்போதே பேச்சைத் தொடரக் கற்றுக்கொண்டோம். இருக்கையை உலுக்கிப் பார்த்தார்கள், அது முதுகுக்கு இதமாகப் போய்விட்டது. கடைசியில் ரிஷிவர்தன் என்ற பொறியாளர் வந்தான். பல நூறு விமானங்களின் காக்பிட் பதிவுகளை உட்கார்ந்து பார்த்துவிட்டு, எங்கள் வியாதிக்கு ஒரு பெயர் சொன்னான். சோம்பேறித்தனம் இல்லையாம், தூக்கம் இல்லையாம். நம்பிக்கையாம்.

காக்பிட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பறக்க வேண்டிய உயரத்தைத் திருகி வைத்து, அந்த எண்ணை வாயால் சொல்வார். மற்றவர் திரையில் அதே எண் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்து 'செக்டு' என்று சொல்ல வேண்டும். புது ஆள் பக்கத்தில் இருந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். பழகிய ஆள் இருந்தால் வாய் 'செக்டு' என்னும், கண் காபிக் கோப்பையில் இருக்கும். ஆகவே ரிஷிவர்தனின் இயந்திரம் எங்கள் கண்களைக் கவனித்தது. நான் பார்க்காமல் 'செக்டு' சொன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாது. பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லும். "உயரத்தை அவர் பார்க்காமலே சொன்னார். நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்." பொய் சொன்னதே இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அவள் சொன்னதை விமானத்திலோ வெளியிலோ கூட இருப்பவரிடம் சொல்லக் கூடாது என்று ஒரு விதியும் போட்டார்கள். சொன்னால் சண்டை வருமாம். சொல்லாமல் இருந்தால் என்ன வரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கேப்டன் நறுமுகை. என் மனைவி.

அவள் கேப்டன், நான் துணை விமானி. "வீட்லயும் அவங்கதான், மேலயும் அவங்கதானா மாப்ளே?" என்று என் தாய்மாமா கேட்காத கல்யாண வீடு கிடையாது. "ஆமா மாமா, ரெண்டு இடத்துலயும் சேதாரம் இல்லாம ஓடுது" என்பேன். பெருமையாகத்தான் சொல்வேன். என்னைவிட அவள் நல்ல விமானி, அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை. முன்பெல்லாம் கணவன் மனைவியைச் சேர்த்துப் பறக்க விடமாட்டார்கள், ஒருவரை ஒருவர் அதிகம் நம்புவார்கள் என்று. நாத்தனார் வந்த பிறகு அந்தத் தடை போனது. ஒரே வீடு, ஒரே கார், ஒரே நேரத்தில் வேலை. நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

நறுமுகை விமானம் ஓட்டும்போது ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுப்பாள். அந்த முணுமுணுப்புக்காகவே நான் அவளைக் காதலித்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு நாள் அவள் அப்படி முணுமுணுத்துக்கொண்டே 'செக்டு' என்றபோது, என் காதில் முதல் முறையாக நாத்தனார் பேசினாள். நான் எண்ணைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று முதல் அந்த முணுமுணுப்பு கேட்டாலே என் கண் திரைக்குப் போய்விடும். அவளும் அதே நாட்களில் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். என் முகத்தை இல்லை, என் கண் எங்கே போகிறது என்பதை.

காக்பிட்டில் இதனால் நன்மைதான். இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தோம். ஆனால் வேலை முடிந்ததும் கழற்றி மாட்டிவிட்டு வர அது என்ன சட்டையா?

எங்கள் மகள் மகிழுக்கு ஒரு முறை காய்ச்சல். மருந்தை அளந்து, அவள் வாயருகே கொண்டுபோனேன். நறுமுகை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எவ்வளவு ஊத்தின?"

"அஞ்சு மில்லி. டாக்டர் சொன்னது அதானே?"

"கோட்டைப் பாத்து ஊத்தினியா, இல்ல குத்துமதிப்பா ஊத்தினியா?"

"பாத்துதான் ஊத்தினேன் நறு. நான் என்ன அவளுக்கு அடுத்த வீட்டுக்காரனா?"

அவள் குப்பியை வாங்கி, மருந்தைத் திரும்பப் பாட்டிலில் கவிழ்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மறுபடி அளந்தாள். அதே அளவுதான் வந்தது. மகிழ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாராவது குடுங்களேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாத்தனார் என்னைப் பற்றி இவளிடம் என்னதான் சொல்லி வைத்திருக்கிறாள்? கேட்கவும் முடியாது. அன்றிரவு நறுமுகை பூட்டிவிட்டுப் படுத்த கதவை நான் எழுந்துபோய் இழுத்துப் பார்த்தேன். அவள் அதைப் பார்த்தாள். போர்வையை இழுத்துக்கொண்டாள்.

இப்படியே போனது. வீட்டில் அடுப்பு இருமுறை அணைந்தது, மகிழின் பள்ளிப் பை இருமுறை சோதிக்கப்பட்டது. தூக்கம் குறைந்தது. சண்டை என்று ஒன்று வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சத்தம் போட்டு முடித்திருப்போம். இது அரிப்பு மாதிரி, எங்கே சொரிவது என்று தெரியாத அரிப்பு.

அப்புறம் அந்தக் காலை வந்தது.

தெற்கே ஒரு சிறிய விமான நிலையம். பெயர் வேண்டாம். அங்கே விமானத்தைத் தானாக இறக்கும் கருவி பழுதாகி இருந்ததால், நறுமுகை கையால் இறக்கிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் பக்கக் கண்ணாடியில் நேராக அடித்தது. ஓடுதளம் நெருங்கி வந்தது. அப்போது வலது பக்கத்திலிருந்து, புல் வெட்டும் டிராக்டர் ஒன்று ஓடுதளத்தின் மேல் ஏறுவதைப் பார்த்தேன்.

"கோ அரவுண்ட்!" என்று கத்தினேன்.

இறங்காதே, மேலே ஏறு என்று அர்த்தம். எங்கள் தொழிலில் கேள்வி கேட்கக் கூடாத வார்த்தை இது ஒன்றுதான். யார் சொன்னாலும், எதற்குச் சொன்னாலும், ஓட்டுபவர் முதலில் த்ராட்டிலைத் தள்ளி இன்ஜினுக்கு முழு வேகம் கொடுக்க வேண்டும். ஏன் என்று மேலே போய்க் கேட்டுக்கொள்ளலாம். பயிற்சியின் முதல் வருடத்திலேயே இதை எலும்பில் ஏற்றிவிடுவார்கள்.

நறுமுகை தள்ளவில்லை. அவள் ஓடுதளத்தைக்கூடப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என் கண்ணைப் பார்த்தாள். நான் உண்மையிலேயே எதையாவது பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேனா என்று பார்த்தாள்.

இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். நான் அவள் கையின் மேல் என் கையை வைத்துத் த்ராட்டிலைத் தள்ளினேன். இன்ஜின்கள் அலறின. விமானம் தூக்கிக்கொண்டு ஏறியது. அடியில் ஏதோ பிய்ந்துபோகும் ஓசை கேட்டது. பின் சக்கரம் டிராக்டரின் தகரக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. ஓட்டியவர் குதித்துவிட்டார். சுற்றி வந்து, பெரிய ஓடுதளம் உள்ள அடுத்த ஊரில் இறங்கினோம். பயணிகள் யாருக்கும் ஒன்றுமில்லை. இறங்கும்போது ஒரு பெரியவர் "காத்து ஜாஸ்தியோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டிராக்டர்காரர் பெயர் இருளப்பன். கால் எலும்பு முறிந்திருந்தது. மறுநாள் மருத்துவமனைக்குப் போனோம். அவர் எங்களை உட்காரச் சொன்னார், காபி வாங்கி வர மனைவியை அனுப்பினார். அந்த உபசாரத்தைத் தாங்க முடியவில்லை.

"தப்பு எம்மேலயும் இருக்கும்மா. வாக்கி டாக்கில என்னமோ சொன்னாக, எனக்கு வெளங்கல. ஏறிட்டேன்" என்றார். "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்னு இருந்தேன். சக்கரம் எந்தலைக்கு மேல வந்துச்சு. நீங்க என்னயப் பாத்தீகளா?"

"இல்லண்ணே" என்றாள் நறுமுகை. "பாக்கல. வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் தலையாட்டினார். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நறுமுகை படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் தோளைத் தொட்டேன். அவள் விலகவும் இல்லை, சாயவும் இல்லை.

விசாரணையில் ரிஷிவர்தன் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். எங்களைவிட இளையவன், மரியாதை தெரிந்தவன். அவனைத் திட்டுவதற்கென்றே நான் தயாராகப் போயிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் கோ அரவுண்ட்னு கத்தினப்ப, உங்க மிஷின் அவ காதுல என்ன சொல்லிச்சு?"

அவன் மடிக்கணினியைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்லல சார்."

"மழுப்பாதீங்க."

"நிஜமா சார். அன்னிக்கு மட்டும் இல்ல, மாசக்கணக்கா எதுவும் சொல்லல. உங்களைப் பத்தி அவங்ககிட்டயோ, அவங்களைப் பத்தி உங்ககிட்டயோ சொல்றதுக்கு விஷயமே இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஒரு எண்ணைக்கூடப் பாக்காம விட்டதில்ல. கம்பெனியிலயே நீங்கதான் முதல். புதுசா சேர்றவங்களுக்கு உங்க பதிவைத்தான் போட்டுக் காட்டுறோம்."

நறுமுகை மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அது பேசலைன்னா நீ ஒழுங்கா பாக்குறேன்னு அர்த்தம். எனக்கு அப்படித் தோணவே இல்ல திலீப். நீ கேமராவை ஏமாத்தக் கத்துக்கிட்டேன்னு நினைச்சேன். கண்ணை மட்டும் அந்தப் பக்கம் வச்சுக்கிட்டு மனசு வேற எங்கயோ இருக்குன்னு."

"எனக்கும்" என்றேன். "எனக்கும் அது பேசல. நானும் அதேதான் நினைச்சேன்."

அத்தனை மாதங்களின் மௌனம் பாராட்டாக இருந்திருக்கிறது. நாங்கள் இருவரும் அதைக் குற்றச்சாட்டாகக் கேட்டிருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. விசாரணை அறையில் துணை விமானி அழக் கூடாது என்பதால் தண்ணீர் குடித்தேன்.

"இதைக் கழட்டுங்க" என்றாள் நறுமுகை, ரிஷிவர்தனிடம்.

"மேடம், இது வந்ததுக்கு அப்புறம் எங்க விமானம் ஒண்ணுகூட விழல. முன்னாடி நடந்த விபத்துல பாதி, ரெண்டு நல்ல விமானிங்க ஒருத்தரை ஒருத்தர் நம்பினதால நடந்தது. அந்தப் பதிவுகளை நான் கேட்டிருக்கேன். கடைசி நிமிஷம் வரைக்கும் சிரிச்சுப் பேசிட்டு இருப்பாங்க." அவன் குரல் இறங்கியது. "காக்பிட்ல எதுக்கு ரெண்டு பேர்? ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் பிடிக்கத்தானே? நம்பிட்டா ரெண்டு பேரும் ஒரே ஆள் ஆயிடுறாங்க மேடம்."

"சில நேரத்துல ஒரே ஆளாத்தான் இருக்கணும் தம்பி" என்றாள் அவள். "அன்னிக்கு அந்த மூணு செகண்ட் அப்படி இருந்திருக்கணும்."

விழி அப்படியே இருக்கும் என்று தீர்ப்பாயிற்று. நறுமுகை மறுபடி பறக்க வேண்டுமென்றால் ஒரு சோதனையில் தேற வேண்டும், நான் பக்கத்தில் இருக்க வேண்டும். தேறாவிட்டால் அவள் கேப்டன் பட்டை போய்விடும். பட்டை போனாலும் பிழைத்துக்கொள்வோம். அவள் என்னை நம்பவில்லை என்பது அதிகாரப்பூர்வமாக எழுதப்பட்டுவிடும். எனக்குப் பயம் அதில்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நறுமுகை ஒரு காரியம் செய்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. நான் மகிழுக்குச் சாப்பாடு ஊட்டினால் அறையை விட்டு எழுந்து போய்விடுவாள். நான் கதவைப் பூட்டினால் கண்ணை மூடிக்கொள்வாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, பல் வலிக்காரர் மாதிரி பொறுத்துக்கொண்டாள். "கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன். "அடுப்பை அணைச்சியான்னு கேக்காம இருக்கேன் பாரு, அதுதான் கஷ்டம்" என்றாள். பல மாதம் கழித்து அன்றுதான் இருவரும் சிரித்தோம்.

சோதனை, தரையில் இருக்கும் போலி காக்பிட்டில். பரிசோதகர் கேப்டன் குரியன் என்னைத் தனியாக அழைத்துப்போய், "இறங்குற நேரத்துல, எந்தக் காரணமும் இல்லாம நீங்க கோ அரவுண்ட் சொல்லணும். ரன்வே காலியாத்தான் இருக்கும். அவங்க கேள்வி கேக்காம தள்றாங்களான்னுதான் பாக்கணும்" என்றார்.

திரையில் ஓடுதளம் விரிந்தது. காலியாக, பளிச்சென்று, ஒரு காக்கைகூட இல்லாமல். இறங்க இதைவிட நல்ல ஓடுதளம் அமையாது. இவள் தள்ள மாட்டாள் என்று நினைத்தேன். காலியாக இருப்பதை அவளே பார்க்கிறாளே, பைத்தியமா தள்ளுவதற்கு?

"கோ அரவுண்ட்" என்றேன்.

சொல்லி முடிக்குமுன் த்ராட்டில் முன்னால் போய்விட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. தலை ஒரு இம்மிகூடத் திரும்பவில்லை. போலி விமானம் மூக்கைத் தூக்கியது. எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது.

கத்தியிருக்க வேண்டும்தான். விமானம் ஏற ஆரம்பித்ததும், உயரமானியைப் பார்த்து 'ஏறுது' என்று நான் குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் சக்கரங்களை உள்ளே மடக்குவார்கள். நான் குரல் கொடுக்கவில்லை. குரியன் திரையை நிறுத்தி விளக்கைப் போட்டார்.

"கேப்டன் நறுமுகை பாஸ். ரொம்ப நல்லா பண்ணீங்க" என்றவர், என் பக்கம் திரும்பினார். "திலீபன், உயரமானியைப் பாக்காம எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

நான் அப்போதுதான் உயரமானியைப் பார்த்தேன்.

"சும்மா சொல்லுங்க."

"அவ கையை சார்" என்றேன். "தள்றாளான்னு."

குரியன் எதையோ குறித்துக்கொண்டார். "உங்களை மறுபடி கூப்பிடுறேன்" என்றார், மிகவும் அன்பாக.

வெளியே வந்தபோது நறுமுகை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கார் கதவைத் திறந்து, ஓட்டுநர் பக்கம் போகாமல் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

"நீ ஓட்டு. எனக்குக் கண்ணைச் சொக்குது."

நெடுஞ்சாலையில் ஏறினோம். அவள் இருக்கையைச் சாய்த்துக்கொண்டாள்.

"நான் எதையும் பாக்கல தெரியுமா? கண்ணைக் கட்டிக்கிட்டுக் கெணத்துல குதிச்ச மாதிரி இருந்துச்சு. நீ சொன்ன, தள்ளிட்டேன். அவ்வளவுதான்" என்றாள். பிறகு, "நல்லா இருந்துச்சு திலீப்" என்றாள்.

கொஞ்ச தூரத்தில் அவள் மூச்சு சீரானது. தலை என் பக்கம் சரிந்தது. எத்தனை மாதமாயிற்று அவள் பகலில் கண்ணயர்ந்து! நான் ஓட்டும் வண்டியில், கண்ணை மூடி, தன்னை முழுதாக என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவள் தூங்கினாள். நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். எனக்குக் கிடைத்தும்விட்டது.

எதிரே ஒரு பேருந்து காது கிழிய ஹாரன் அடித்தது. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினேன். மயிரிழையில் தப்பினோம். அவ்வளவு நேரமும் நான் சாலையைப் பார்க்கவில்லை. அவள் உண்மையிலேயே தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.